அம்மாவின் கட்டில் வரை வைஃபை

தினமும் மாலை ஆறு மணிக்கு சிங்கப்பூரிலிருந்து தங்கை கூப்பிடுவாள். அங்கே அப்போது எட்டரை. மகளைத் தூங்க வைக்கும் முன் பாட்டியிடம் நாலு வார்த்தை பேச வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். போன மார்ச்சில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து படுக்கையோடு இருந்த அந்த மாதங்களில் அவளுடைய நாளுக்கே அந்த ஆறு மணிதான் பிடிப்பு. ஐந்தரைக்கே தலை வாரிவிடச் சொல்வாள். தலையணையை உயர்த்தி வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடி காத்திருப்பாள்.

அந்த நேரத்தில்தான் படம் நின்றுபோக ஆரம்பித்தது. ஒரு நாள் பேத்தி உள்ளங்கையை நீட்டி எதையோ காட்டினாள். வாய் திறந்தபடி, கை நீட்டியபடி அப்படியே உறைந்துவிட்டாள். குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "என்னடி தங்கம், என்ன காட்டுற? பாட்டிக்குத் தெரியலடா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அழைப்பு அறுந்துபோயிற்று. அவள் காட்டியது முதலில் விழுந்த பால் பல் என்று மறுநாள்தான் தெரிந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இதைச் சரி செய்யாமல் விடுவதில்லை என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

சரியாக ஏழு வாரம் ஆயிற்று. அதில் ஐந்து வாரத்தைத் தப்பான இடத்தில் தேடிக் கழித்தேன். வீட்டில் வயதானவர்களோ நோயாளியோ பின்னறையில் இருந்து, அங்கே மட்டும் வைஃபை எட்டவில்லை என்று தவிப்பவர்களுக்கு அந்த ஐந்து வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. மதுரையில் எங்கள் வீடு 1984இல் அப்பா கட்டியது. கிழக்குப் பார்த்த வாசல். பில்லர் இல்லாமல் சுவரே தளத்தைத் தாங்கும் அந்தக் காலத்துக் கட்டுமானம். உள்சுவர்கூட 9 அங்குலம், செங்கல். பெரிய படுக்கையறை வாஸ்துப்படி தென்மேற்கில், கன்னி மூலையில். தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கம்பி வாசல் பக்கத்து ஜன்னல் வழியாக ஹாலில் நுழைகிறது. அது வடகிழக்கு மூலை. இந்த வீட்டுக்குள் இதைவிட நீளமான குறுக்குக் கோடு கிடையாது. அந்தக் கோட்டில் ஹால் சுவர், சாப்பிடும் இடம், அங்கே ஒரு ஃபிரிட்ஜ், பிறகு படுக்கையறைச் சுவர். இணைப்புக் கொடுக்க வருகிறவர்களுக்குக் கம்பி எங்கே நுழைகிறதோ அங்கேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போவதுதான் வேலை. யார் எந்த அறையில் படுத்திருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வது. கம்பெனிக்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். இரண்டு நாளில் ஒரு பையன் வந்தான். மோடத்துக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டான். எங்கள் திட்டம் 100 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு, Mbps), அவன் போனில் 96 காட்டியது. "லைன்ல ஒண்ணும் இல்லக்கா, ஃபுல் ஸ்பீடு வருது பாருங்க." அவனை அம்மாவின் அறைக்குக் கூட்டிப்போய் அங்கே போடச் சொன்னேன். 3 வந்தது. "இது ரேஞ்ச் பிரச்சினைக்கா, எங்க கையில இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை. வீட்டுக்குள் வரும் நெட் வேறு, அதை அறை அறையாகக் கொண்டுபோகும் வைஃபை வேறு. எதில் கோளாறு என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு நேராகக் கேபிள் போட்டு அளந்து பாருங்கள். கேபிளில் முழு வேகம் வந்தால் கம்பெனியைத் துரத்துவதில் பயனில்லை, கோளாறு உங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் இருக்கிறது. கேபிளிலேயே வரவில்லை என்றாலோ, மோடத்தில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, ஃபைபர் கம்பியில்தான் பிரச்சினை. அப்போது புகார் கொடுங்கள்.

இது புரியாமல் அடுத்து நான் செய்தது, திட்டத்தை 200க்கு ஏற்றியது. போனில் பேசிய பெண் அப்படித்தான் யோசனை சொன்னாள். மாதம் முந்நூறு ரூபாய் கூட. ஹாலில் 190 வந்தது. அம்மாவின் அறையில் அதே 3. மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு இரண்டாயிரம் லிட்டர் வைத்தாலும் குளியலறைக் குழாய் பாசி பிடித்து அடைத்திருந்தால் சொட்டு சொட்டாகத்தானே வரும்? ஒரு வீடியோ அழைப்புக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். அம்மாவுக்கு வேண்டியிருந்தது கூடுதல் வேகம் இல்லை, அறாமல் ஒரே சீராக வருகிற கொஞ்சம் வேகம். அடுத்த மாதமே பழைய திட்டத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்றாவது, ரிப்பீட்டர். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பிளக்கில் செருகும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி அம்மாவின் தலைமாட்டில் இருந்த பிளக்கில் செருகினேன். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக ஏறி நின்றன. சந்தோஷமாக இருந்தது. ஆறு மணிக்குப் படம் முன்பைவிட மோசமாக நின்றது. காரணம் ரொம்ப எளிது. ரிப்பீட்டர் தானாக நெட்டை உண்டாக்குவதில்லை, தன் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறது. அதையே நான் காது கேட்காத இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன். போனில் தெரிந்த கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ள சிக்னல் மட்டும்தான். ரிப்பீட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ளது கந்தலாகக் கிடந்தது. ரிப்பீட்டர் வைப்பதானால் பாதி வழியில், மோடம் நன்றாக எட்டுகிற கடைசி இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் மலிவான ரிப்பீட்டர்கள் ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்பதையும் சொல்வதையும் மாறி மாறிச் செய்வதால் வேகம் பாதியாகிவிடும். சாப்பிடும் இடத்துக்கு மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

உண்மையான காரணம் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு ராத்திரி அம்மாவுக்கு வலி அதிகம் என்று அவள் அறையிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தேன். தூக்கம் வராமல், பிசியோதெரபிஸ்ட் அனுப்பியிருந்த கால் பயிற்சி வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. அம்மாவும் விழித்திருந்தாள். அவளுக்குக் காட்டலாம் என்று எழுந்து கட்டிலோரம் போய் நின்றேன். வீடியோ சுற்ற ஆரம்பித்தது. திரும்பப் பாய்க்கு வந்தேன், ஓடியது. கட்டிலுக்குப் போனேன், நின்றது. இருட்டில் அப்படி நாலு தடவை நடந்தேன்.

நான் பாய் போட்டிருந்த இடம்தான் அம்மாவின் கட்டில் முன்பு இருந்த இடம். ஆபரேஷனுக்குப் பிறகு, ராத்திரி எழுந்தால் நாலு எட்டில் குளியலறைக்குப் போகிற மாதிரி இருக்கட்டும் என்று கட்டிலை ஏழெட்டு அடி தள்ளிப் போட்டிருந்தோம். நெட், மோடம், கம்பெனி எல்லாம் பழையதுதான். கட்டில் ஒன்றுதான் இடம் மாறியிருந்தது. புது இடத்தில் கட்டிலுக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவில், ஆறரை அடி உயரத்தில், கதவில் ஆளுயரக் கண்ணாடியோடு நின்றது அம்மாவின் கல்யாணச் சீர் பீரோ.

இரும்பைத் தாண்டி வைஃபை அலை போகாது. செங்கல் சுவர் அலையை மெலிய வைக்கும், ஆனால் விடும். இரும்புத் தகடு திருப்பி அடித்துவிடும். கண்ணாடியும் அப்படித்தான், அதன் முதுகில் பூசியிருப்பது உலோகம். பீரோவுக்குப் பின்னால் ஒரு நிழல் விழுகிறது, அம்மா அந்த நிழலுக்குள் படுத்திருந்தாள். அங்கே எட்டியதெல்லாம் எதிர்ச்சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்த மிச்சம் மீதிதான். ரிப்பீட்டரை வைத்த தலைமாட்டுப் பிளக்கும் அதே நிழலில்தான் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து ஊகிப்பதை விட்டுவிட்டு அளக்க ஆரம்பித்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். போனில் தெரியும் மூன்று நாலு கோடுகளை நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு போனுக்கு இலவசமான வைஃபை அனலைசர் செயலிகள் பல இருக்கின்றன, அவை சிக்னலை டிபிஎம் என்ற கணக்கில் எண்ணாகக் காட்டும். எண் எப்போதும் மைனஸில் இருக்கும். மைனஸ் 40 என்றால் அருமை. மைனஸ் 67க்குள் இருந்தால் வீடியோ அழைப்புக்குக் கவலை இல்லை. மைனஸ் 75ஐத் தாண்டினால் அறுந்து அறுந்து வரும். மைனஸ் 85இல் ஒன்றும் நடக்காது. இந்தக் கணக்கில் 10 குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். 3 குறைந்தால் பாதி. அதனால் மைனஸ் 66க்கும் மைனஸ் 78க்கும் உள்ள வித்தியாசம் பார்க்கச் சின்னதாக இருந்தாலும், பலத்தில் அது பதினாறில் ஒரு பங்கு.

மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டின் படம் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் நின்று, மைனஸை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினேன். மோடத்தருகே 36. சோபாவில் 44. சாப்பாட்டு மேசையில் 55. அம்மா அறை வாசலில் 63. பாய் போட்ட பழைய இடத்தில் 66. கட்டிலில், அம்மா போனைப் பிடிக்கும் உயரத்தில், 78. ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அளக்கும்போது நின்றுகொண்டு கையை நீட்டி அளக்காதீர்கள். அந்த அறையில் இருப்பவர் போனை எங்கே, எப்படிப் பிடிக்கிறாரோ அதே இடத்தில், அதே மாதிரி பிடித்து அளக்க வேண்டும். நம் உடம்பிலுள்ள தண்ணீரும் அலையைக் குடிக்கும். அம்மா போனை நெஞ்சுக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருப்பாள். அதற்கே மூன்று நாலு எண் போய்விடும். பத்து விரலையும் தளர்த்த ஒரு மொபைல் ஸ்டாண்டு வாங்கி, கட்டிலோரம் இருந்த ஸ்டூலில் வைத்தேன். அவள் கைக்கும் ஓய்வாயிற்று.

இங்கே இன்னொன்றும் புரிந்தது. இன்றைய மோடங்கள் 2.4, 5 என்று இரண்டு ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் பேசுகின்றன. வைஃபை பெயருக்குப் பின்னால் 5ஜி என்று போட்டிருப்பது இந்த ஐந்தைத்தான், மொபைல் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2.4இன் அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம், 5இன் அலை சுமார் ஆறு. ஐந்து வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் களைத்துவிடும். பெரும்பாலான மோடங்கள் இரண்டையும் ஒரே பெயரில் காட்டுவதால் போன் எதைப் பிடித்திருக்கிறது என்றே தெரிவதில்லை. அளக்கும் நாளில் மட்டும் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். நான் மேலே சொன்ன எண்கள் 2.4இன் எண்கள். அம்மாவின் கட்டிலில் ஐந்து பல நேரம் பட்டியலிலேயே வரவில்லை. வந்தாலும் 88. போன் அதைப் பிடிப்பதும், விடுவதும், 2.4க்குத் தாவுவதுமாக இருந்தது. அந்தத் தாவலில்தான் பல தடவை படம் நின்றது.

காசு செலவில்லாத வேலைகளை முதலில் முடித்தேன். செயலியில் பார்த்தபோது அக்கம்பக்கத்து வைஃபைகள் 17 தெரிந்தன. 2.4இல் இந்தியாவில் 13 சேனல்கள், அதாவது அலை போகும் தடங்கள், உண்டு, ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒன்றுக்கொன்று இடிக்காமல் இருப்பவை 1, 6, 11 மூன்றுதான். எங்கள் மோடம் ஆறில் இருந்தது, இன்னும் ஒன்பது பேரோடு. மாலை ஆறு மணி என்றால் எல்லா வீட்டிலும் டிவியும் போனும் ஓடும் நேரம். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போய், சேனலை 11 என்று மாற்றி, பக்கத்துச் சேனல்களில் அதிகம் இடிக்காதபடி அதன் அகலத்தை 40இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். எண்ணில் மாற்றமில்லை, ஆனால் அறுவது கொஞ்சம் குறைந்தது. மோடம் டிவிக்குப் பின்னால், மர அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அதை வெளியே எடுத்து ஆறடி உயரத்தில் சுவரில் மாட்டினேன். கட்டிலில் 78, 75 ஆயிற்று.

அப்புறம் பீரோ. ஒரு சனிக்கிழமை காலையில் நானும் வீட்டுக்காரரும் அதைக் காலி செய்தோம். அம்மா கட்டிலில் இருந்தபடியே மேற்பார்வை. "கீழ்த் தட்டுல பித்தளைச் செம்பு இருக்கு, பாத்து. அந்த மாம்பழக் கலர்ப் பட்டு கிழிஞ்சிரும், ரெண்டு கையால எடு." தட்டுகளில் விரித்திருந்த செய்தித்தாள் 1991ஆம் வருஷத்தது, தொட்டதும் நொறுங்கியது. அதற்கடியில் அப்பாவின் கையெழுத்தில் வீடு கட்டியபோது வாங்கிய செங்கல் கணக்கு ஒரு தாளில் மடித்து இருந்தது. அம்மா அதைக் கேட்டு வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். பீரோவின் நாலு காலுக்கும் கீழே இருந்த மரக்கட்டைகளை எடுத்து, பழைய ஜமுக்காளத்தை அடியில் கொடுத்து இழுத்து, தெற்குச் சுவரோரம் நிறுத்தினோம். அளந்தேன். 68.

ஏழு எண் ஏறியது. பலத்தில் ஐந்து மடங்கு. அன்றைக்கு மாலை பேத்தி ஒரு பாட்டு முழுதும் பாடினாள், ஒரு தடவைகூட நிற்கவில்லை. நானும் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் 68 என்பது விளிம்பு. யாராவது அறை வாசலில் நின்றால், கதவைச் சாத்தினால், பக்கத்து வீடுகளில் நெட் அதிகம் ஓடினால், 72, 74 என்று இறங்கிவிடும். வாரத்தில் இரண்டு நாள் பழைய கதை. ரெண்டு தடித்த செங்கல் சுவரும் ஒரு ஃபிரிட்ஜும் நடுவில் இருக்கும்வரை காற்றில் அனுப்பி இதைத் தீர்க்க முடியாது என்று அந்தக் காலண்டர் தாளே சொல்லிவிட்டது.

வீடு முழுக்க வைஃபை பரப்ப, மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டிகளாக விற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டிகளும் ஒன்றோடொன்று காற்றில் பேசுவதானால் இதே சுவர்களைத்தான் தாண்ட வேண்டும். அதனால் கேபிள் போட முடிவு செய்தேன். பின்னறைக்கு ஒரு கேபிள் இழுத்து, அந்த அறைக்குள்ளேயே இன்னொரு வைஃபை வைப்பது. இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சணல் கயிற்றை ஹாலிலிருந்து சுவரோரமாக, கதவு நிலைக்கு மேலாக, அம்மாவின் அறைவரை பிடித்துப் பார்த்து அளந்தோம். 18 மீட்டர். கூட இரண்டு வைத்து 20. நெட் கொண்டுபோகும் இந்த லேன் கேபிள் 100 மீட்டர்வரை தாங்கும் என்பதால் வீட்டுக்குள் நீளத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் கேட் 6 (Cat 6) என்ற ரக லேன் கேபிள் கேட்டபோது கடைக்காரர் இரண்டு சுருளை எடுத்து வைத்தார். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான். மீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் வித்தியாசம். ஏன் என்று கேட்டேன். விலை குறைந்ததின் நுனியிலிருந்து ஒரு கம்பியை உருவி பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளியாகப் பளபளத்தது. அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. இன்னொன்றைச் சுரண்டினால் உள்ளேயும் செம்பு. அலுமினியக் கம்பி இரண்டு தடவை மடக்கினால் ஒடிந்துவிடும், சுவரோரம் ஒரு தடவை அடித்துவிட்டு மறந்துவிட வேண்டிய பொருளுக்கு அது ஆகாது. எந்தக் கடையிலும் சுரண்டிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

சுவரில் துளை போட வேண்டுமே என்று பயந்திருந்தேன். 9 அங்குலச் சுவருக்கு நீள டிரில் பிட்டு வேண்டும். எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து நிமிர்ந்து பார்த்தார். "எதுக்குக்கா ஓட்டை? வெண்டிலேட்டர் இருக்குல்ல." பழைய வீடுகளில் ஒவ்வொரு கதவுக்கு மேலும் காற்றோட்டத்துக்கு ஒரு சின்னச் சட்டம் விட்டிருப்பார்கள். நாற்பது வருஷமாகத் தலைக்கு மேல் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. அதன் மூலை வழியாகவே கேபிள் இரண்டு அறையையும் தாண்டியது. மீதித் தூரம் வெள்ளை பிளாஸ்டிக் பட்டி அடித்து மூடினார். கரண்ட் ஒயர் போகும் குழாய்க்குள் இதையும் சேர்த்து விடலாமே என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். ஷாக் ஆபத்து ஒரு பக்கம், கரண்ட் கம்பியின் இரைச்சல் டேட்டாவைக் கெடுப்பது இன்னொரு பக்கம். ஒரு சாண் தள்ளியே கொண்டுபோனார்.

நுனியில் பிளக் அடிக்கும்போதுதான் நான் குறுக்கே பேச வேண்டியிருந்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடியாக முறுக்கி இருக்கும். "நாலு கம்பி சேர்த்தாலே நெட் வந்துரும்க்கா" என்றார் அண்ணன். வரும். ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். எட்டையும் சேர்த்தால்தான் 1000 போகும். இன்றைக்கு எங்களுக்கு 100 போதும் என்றாலும், நாளைக்குத் திட்டமோ பெட்டியோ மாறும்போது பட்டியைப் பிரித்து ஏணி போட வேண்டாம் என்று எட்டையும் அடிக்கச் சொன்னேன். வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிளக்கின் கொக்கி கீழே இருக்கும்படி, கம்பி நுழையும் வாய் நம் பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக. இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டிப் பிரிந்து உட்காருகிற அந்த இடத்தில்தான் பலரும் தவறுவார்கள், அங்கே மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

அம்மா அறையில் வைக்கப் புதுப் பெட்டி வாங்கவில்லை. ஃபைபர் வருவதற்கு முன்பு இருந்த இணைப்பில் நாங்கள் சொந்தமாக வாங்கிய ரௌட்டர் ஒன்று பரணில் கிடந்தது. பல வீடுகளில் இப்படி ஒன்று கிடக்கும். அதைத் தூசி தட்டி, பின்னால் உள்ள குழியில் ஊசியைப் பத்து விநாடி அழுத்திப் புதுசாக்கிவிட்டு, லேப்டாப்போடு மட்டும் இணைத்து அமைப்புக்குள் போனேன். சில ரௌட்டர்களில், கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்க மட்டும் அக்சஸ் பாயின்ட் என்றே ஒரு தெரிவு இருக்கும், அதைத் தொட்டால் வேலை முடிந்தது. என்னுடையதில் இல்லை, கையால் செய்தேன். அதன் ஐபி முகவரியும், அதாவது வீட்டு நெட்டுக்குள் அதற்குள்ள எண்ணும், மோடத்தைப் போலவே 192.168.1.1 என்று இருந்தது, அதை 192.168.1.2 என்று மாற்றினேன். அடுத்து டிஹெச்சிபி என்பதை அணைத்தேன். வீட்டிலுள்ள போன், டிவி எல்லாவற்றுக்கும் முகவரி கொடுக்கும் வேலை அது. மோடம் ஏற்கெனவே அதைச் செய்கிறது. ஒரே பந்தியில் இரண்டு பேர் ஆளை உட்கார வைத்தால் ஒரே இலைக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்களே, அந்தக் குழப்பம் இங்கேயும் வரும். பிறகு வைஃபைக்கு மோடத்தில் உள்ள அதே பெயர், அதே கடவுச்சொல். சேனல் மட்டும் வேறு: முன்னால் 11, பின்னால் 1. கடைசியாக, மோடத்திலிருந்து வந்த கேபிளை, தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN) ஓட்டையில் செருகாமல், மற்ற நாலு லேன் (LAN) ஓட்டைகளில் ஒன்றில் செருகினேன். இந்த ஒரு ஓட்டை மாறினாலே ஒரு நாள் போய்விடும்.

மொத்தச் செலவு, கேபிள், பட்டி, பிளக், அண்ணன் கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூறு. ரிப்பீட்டருக்கும் ஏற்றிய திட்டத்துக்கும் நான் கொடுத்ததைவிடக் குறைவு.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பது மிச்சமிருந்தது. இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் இணைத்திருக்கிறது, அந்தப் பிளக்குகளுக்கு இல்லை. ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் இரண்டு வாங்கினேன், கேபிள் வழியாக நெட் வர இரண்டு பெட்டியும் ஓட வேண்டுமே. ஆனால் எங்கள் மோடம் 12 வோல்ட், பழைய ரௌட்டர் 9 வோல்ட். இரண்டின் ஒயர் முனையும் ஒரே அளவு, மாற்றிச் செருகினாலும் உட்காரும், 9 வோல்ட் பெட்டி கருகிவிடலாம். பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்து, அதற்கேற்ற யூபிஎஸ்தான் வாங்க வேண்டும். 12 வோல்ட் ஒயரில் சிவப்பு நூலும் 9இல் மஞ்சள் நூலும் கட்டி வைத்திருக்கிறேன். கரண்ட் போன அவசரத்தில் வேறு யார் கை வைத்தாலும் தெரியும்.

அன்று சாயங்காலம் கட்டிலில் அளந்தேன். மைனஸ் 41. ஸ்பீடு டெஸ்ட்டில் 92. ஆறு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். பேத்தி வாயைப் பெரிதாகத் திறந்து, பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்துக் காட்டினாள். அம்மா ஸ்டாண்டிலிருந்த போனை நோக்கி முன்னால் சாய்ந்து, "கீழ்ப் பல்லா? பக்கத்துப் பல்லும் ஆடுற மாதிரி இருக்கே, தொட்டுப் பாரு" என்றாள். அங்கே தொட்டுப் பார்த்தாள். ஆடியது. அடுத்த வாரம் அது விழுந்தபோது அம்மா நேரில் பார்ப்பது போலப் பார்த்தாள்.

இப்போது அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறாள். போன மாதம் ஒரு நாள் பின்வாசல் படிவரை வந்து நின்று, முருங்கை பூத்திருக்கிறது, அதைப் பேத்திக்குக் காட்ட வேண்டும், இங்கே வைஃபை வருமா என்று கேட்டாள். போனை வாங்கி, அவள் பிடிக்கும் உயரத்தில் பிடித்துப் பார்த்தேன். மைனஸ் 61. நாற்காலியைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டேன்.